அதிபரின் வக்கீல்: ராபர்ட் ஜாக்சனும் ஐம்பது பழைய கப்பல்களும்

1939 ஆகஸ்டில் டென்மார்க்காரர் ஒருவர் அமெரிக்காவுக்கு வருகிறார். அறுபது நாள் அனுமதி. சொந்தக்காரர்களைப் பார்க்கணும், நியூயார்க்கில் நடக்கிற உலகக் கண்காட்சியைப் பார்க்கணும், ஊர் திரும்பணும். அவ்வளவுதான் திட்டம். அடுத்த மாதமே ஐரோப்பாவில் போர் வெடித்தது. மனிதர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். 1942-ல் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது, "நான் நடுநிலை நாட்டுக்காரன், எனக்கு விலக்கு வேண்டும்" என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் 'வசிக்கும்' நடுநிலை நாட்டவர் இப்படி விலக்குக் கேட்டால், அவருக்கு ஆயுசுக்கும் குடியுரிமை கிடையாது என்பது சட்டம். போர் காரணமாக மாட்டிக்கொண்டு தங்கியவர் 'வசிப்பவர்' ஆவாரா? இதுதான் 1950-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கேள்வி.

ஆகமாட்டார் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு வழக்கைவிட அதன் வால்தான் முக்கியம். நீதிபதிகளில் ஒருவரான ராபர்ட் ஜாக்சன், தீர்ப்போடு ஒத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, தனியாக ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். காரணம், இந்தத் தீர்ப்புக்கு நேர்மாறான ஒரு சட்டக் கருத்துரை 1940-லேயே அரசாங்கக் கோப்பில் இருந்தது. அதை எழுதியவர் அன்றைய அட்டர்னி ஜெனரல். அந்த அட்டர்னி ஜெனரல் யார் என்றால், இதே ராபர்ட் ஜாக்சன்.

மனிதர் மழுப்பவில்லை. அந்தக் கருத்துரை, தான் விளக்க வந்த சட்டத்தைப் போலவே மூடுபனியாக இருந்தது, கஷ்டமான கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் பொதுவான வார்த்தைகளைப் போட்டு மூடி மறைத்தது என்று தன்னைத்தானே கிழிக்கிறார். பழைய கருத்திலிருந்து பின்வாங்கிய நீதிபதிகளின் முன்னுதாரணங்களை வரிசையாக அடுக்குகிறார். அகராதியில் செய்த பிழைக்கு டாக்டர் ஜான்சன் சொன்ன காரணம் 'அறியாமை'. வெஸ்ட்பரி பிரபு என்ற ஆங்கிலேய நீதிபதியோ, தன் பழைய கருத்தை ஒரு வக்கீல் எடுத்து நீட்டியபோது, என் அளவு புத்தியுள்ள ஒருவன் இப்படி ஒரு கருத்தைச் சொன்னானா என்று ஆச்சரியப்பட்டாராம். நயமாகப் பின்வாங்க வேறு வழிகள் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் நான் துணைக்கு அழைக்கிறேன் என்று முடிக்கிறார் ஜாக்சன்.

படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். 1940-41-ல் இந்த மனிதர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிக்கொடுத்த மற்ற கருத்துரைகள் என்னவாயின? அதைத் தேடிப்போன கதைதான் இது.

முதலில் ஒரு விளக்கம். அட்டர்னி ஜெனரல் என்றதும் நமக்கு டெல்லியில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக எழுந்து நின்று வாதாடுகிறவர் ஞாபகம் வரும். நம் அரசியலமைப்பின் 76-வது பிரிவு உருவாக்கிய பதவி அது. அவருக்கு இலாகா கிடையாது, அமைச்சரவையில் இடம் கிடையாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே அட்டர்னி ஜெனரல் அமைச்சரவை உறுப்பினர், நீதித்துறை முழுவதும் அவர் கையில், எஃப்.பி.ஐ.யும் அவருக்குக் கீழேதான். ஆனால் பிறந்தபோது இந்தப் பதவி இப்படி இல்லை. 1789-ல் நீதித்துறைச் சட்டத்தின் கடைசிப் பிரிவில் ஏதோ ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி ஒரு வாக்கியம். சட்டம் படித்த தகுதியான ஓர் ஆளை நியமிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் அரசின் வழக்குகளை நடத்துவது ஒரு வேலை. அதிபரோ துறைத் தலைவர்களோ கேட்டால் சட்டக் கருத்துச் சொல்வது இன்னொரு வேலை. முதல் அட்டர்னி ஜெனரல் எட்மண்ட் ராண்டால்ஃபுக்கு வருஷத்துக்கு 1500 டாலர் சம்பளம். மீதிச் செலவுக்கு அவரே வெளியில் வக்கீல் தொழில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நீதித்துறை என்று ஓர் அமைப்பே 1870-ல்தான் வந்தது.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கருத்துச் சொல்வது என்றால் யாருக்காக? சாதாரண வக்கீல் கட்சிக்காரனுக்காக வாதாடலாம், எதிர்த்தரப்பு வக்கீல் இருப்பார், தீர்மானிக்க நீதிபதி இருப்பார். அதிபருக்குச் சட்டக் கருத்து எழுதுகிறவருக்கு எதிரில் யாரும் கிடையாது. பல விஷயங்கள் நீதிமன்றத்துக்கே போகாது. அவர் 'செய்யலாம்' என்று எழுதினால் அன்றைக்கு அதுதான் சட்டம். வக்கீல் வேலையும் நீதிபதி வேலையும் ஒரே மேஜையில். ஜாக்சன் இந்த மேஜையில் சுமார் ஒன்றரை வருஷம்தான் உட்கார்ந்திருந்தார், 1940 ஜனவரியிலிருந்து 1941 ஜூலை வரை. ஆனால் என்ன ஒன்றரை வருஷம்!

ஆளைப் பற்றிக் கொஞ்சம். பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் 1892-ல் பிறந்தவர், வளர்ந்தது நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில். ஆல்பனி சட்டக் கல்லூரியில் ஒரே ஒரு வருஷம் படித்தார். மற்றபடி ஜேம்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருந்து தொழில் கற்றவர். சட்டப் பட்டம் இல்லாமல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான கடைசி ஆள் இவர்தான். பின்னால் நியூரம்பெர்க்கில் நாஜித் தலைவர்கள் மீதான வழக்கை அமெரிக்கா சார்பில் நடத்தியவரும் இவரே. எழுத்தில் அவ்வளவு தெளிவு, அவ்வளவு குறும்பு. ரூஸ்வெல்ட்டுக்கு நெருங்கிய நண்பர் வேறு.

சரி, கப்பல்களுக்கு வருவோம்.

1940 மே 10-ல் சர்ச்சில் பிரிட்டன் பிரதமர் ஆகிறார். மே 15-ம் தேதியே ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி, உங்கள் பழைய நாசகாரிக் கப்பல்களில் நாற்பது ஐம்பதைக் கடனாகக் கொடுங்கள் என்று. முதல் உலகப்போர் காலத்து டிசைன், பல வருஷம் துறைமுகத்தில் சும்மா கட்டிக் கிடந்தவை. ஆனால் ஜூனில் பிரான்ஸ் விழுந்த பிறகு, பிரிட்டனுக்கு அந்த ஓட்டைக் கப்பலும் பொக்கிஷம்தான். அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. எந்த நேரமும் ஜெர்மானியர் கால்வாயைத் தாண்டி வரலாம்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கொடுக்க ஆசை. சட்டம் குறுக்கே நின்றது. ஒன்றல்ல, இரண்டு சட்டம். 1917-ம் வருஷச் சட்டம் ஒன்று, அமெரிக்கா நடுநிலை வகிக்கும் போரில், போரிடும் நாட்டுக்குக் கொடுக்கும் நோக்கத்தோடு எந்தப் போர்க்கப்பலையும் வெளியே அனுப்பக்கூடாது என்றது. இரண்டாவது சட்டம் சுடச்சுட வந்தது. அதற்குக் காரணம் கொசுப் படகு. சின்ன, வேகமான டார்பிடோ படகுகளுக்கு அன்று அந்தச் செல்லப்பெயர். அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டிக்கொண்டிருந்த இருபது கொசுப் படகுகளை பிரிட்டனுக்குத் தள்ளிவிட ஓர் ஏற்பாடு நடந்தது. செனட்டின் கடற்படைக் குழுத் தலைவர் டேவிட் வால்ஷுக்கு விஷயம் தெரிந்து கொதித்துவிட்டார். ரூஸ்வெல்ட் ஜாக்சனைக் கேட்டார். இது சட்டப்படி கூடாது என்றார் ஜாக்சன். ஏற்பாடு ரத்து. வால்ஷ் அதோடு விடவில்லை. கடற்படைத் தளபதி 'இந்தப் பொருள் அமெரிக்கப் பாதுகாப்புக்கு அவசியமில்லை' என்று சான்று கொடுத்தால் ஒழிய எதையும் வெளிநாட்டுக்குத் தரக்கூடாது என்று ஜூன் 28-ல் ஒரு சட்டம் கொண்டுவந்துவிட்டார்.

இதில் ஒரு கூத்து. தளபதி ஹெரால்ட் ஸ்டார்க், பழைய கப்பல்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடக்கூடாதே என்று கொஞ்ச நாள் முன்புதான் காங்கிரஸ் முன்னால் போய், இவற்றுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று சாட்சி சொல்லியிருந்தார். இப்போது அதே வாயால் அவசியமில்லை என்று எப்படிச் சொல்வார்?

ஆகஸ்ட் 2-ம் தேதி அமைச்சரவை கூடியது. இதற்குக் காங்கிரஸின் புதுச் சட்டம் வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ரூஸ்வெல்ட்டே தன் கைக்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன் ஜூலையில் பெஞ்சமின் கோஹன் என்ற அரசு வக்கீல், புதுச் சட்டம் இல்லாமலே கொடுக்க முடியும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தபோது, இது நிற்காது என்றுதான் ரூஸ்வெல்ட்டும் நினைத்தார். இந்தத் தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 2-ல் 'முடியாது'. ஆகஸ்ட் 27-ல் 'முடியும்'. நடுவில் எந்தச் சட்டமும் மாறவில்லை.

நடுவில் நடந்தது என்ன? ஆகஸ்ட் 11-ல் நியூயார்க் டைம்ஸில் நான்கு பெரிய வக்கீல்கள் கையெழுத்திட்ட நீண்ட கடிதம் ஒன்று வந்தது. கோஹனின் வாதம்தான், மெருகேற்றப்பட்டு. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் டீன் அச்சிசன், பின்னாளில் வெளியுறவு அமைச்சர். சட்ட உலகத்தில் இது சொல்லக்கூடாத வாதம் இல்லை என்ற சூழல் உருவாயிற்று. இன்னொன்று, இனாமாகக் கொடுப்பது என்பது பண்டமாற்று ஆனது. பிரிட்டன் தன் வசமிருந்த தீவுகளில் 99 வருஷக் குத்தகைக்கு அமெரிக்காவுக்குத் தளங்கள் கொடுக்கும், அமெரிக்கா கப்பல் கொடுக்கும்.

பண்டமாற்று என்பது பேரம் பேசும் சாமர்த்தியம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கருத்துரையைப் படித்தபிறகுதான் அது சட்டத்தின் தேவை என்று புரிந்தது. ஸ்டார்க்கின் சான்று இல்லாமல் கப்பல் நகராது. ஐம்பது கப்பலைச் சும்மா கொடுத்தால், 'அவசியமில்லை' என்று அவரால் மனசாட்சியோடு எழுத முடியாது. ஆனால் பதிலுக்கு நியூஃபவுண்ட்லாந்திலிருந்து பிரிட்டிஷ் கயானா வரை தளங்கள் கிடைக்கிறது என்றால்? கூட்டிக் கழித்துப் பார்த்தால் பாதுகாப்பு கூடுகிறது. அந்தக் கணக்கைத் தளபதி சேர்த்துக்கொள்ளலாம் என்றது ஜாக்சனின் கருத்துரை. சான்று கிடைத்தது.

இதனால் ஒரு புதுத் தலைவலி. சர்ச்சிலுக்குப் பேரம் பிடிக்கவில்லை. நண்பர்கள் இருவர் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துக்கொள்வது போல இருக்கட்டும் என்றார். ஐம்பது பழைய கப்பலுக்கு இவ்வளவு நிலமா என்று அவர் ஊரில் கேட்பார்களே! இதைப் பற்றி நடந்த ஒரு டெலிபோன் பேச்சை ஜாக்சன் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சாம்ராஜ்யங்கள் பேரம் பேசுவதில்லை என்று சர்ச்சில் சொல்ல, குடியரசுகள் பேசும் என்று இவர் குறுக்கே சொன்னாராம். என்ன செய்வது, எனக்கு ஓர் அட்டர்னி ஜெனரல் இருக்கிறார், பேரம் பேசித்தான் ஆகணும் என்கிறார் என்று ரூஸ்வெல்ட் கையை விரிக்க, அப்படியானால் அந்தக் கப்பல்களைக் கொடுத்து ஒரு புது அட்டர்னி ஜெனரலை வாங்கிக்கொள்ளுங்களேன் என்றாராம் சர்ச்சில். கடைசியில் நியூஃபவுண்ட்லாந்து, பெர்முடா இரண்டும் பரிசு, மற்றதெல்லாம் மாற்று என்று ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தார்கள்.

அடுத்தது 1917 சட்டம். இங்கேதான் எனக்கு உறுத்தல். கொடுக்கும் நோக்கத்தோடு எந்தப் போர்க்கப்பலையும் அனுப்பக்கூடாது என்பது சட்டம் என்று சொன்னேன் அல்லவா? 'நோக்கத்தோடு' என்பது 'கட்டப்பட்ட' என்ற சொல்லோடு சேருகிறது என்று படித்தார் ஜாக்சன். அதாவது, கட்டும்போதே இன்னொரு நாட்டுக்குக் கொடுக்கும் நோக்கம் இருந்தால்தான் தடை. பழைய கப்பல்கள் கட்டப்பட்டபோது அப்படி யாரும் நினைக்கவில்லை, எனவே தடை இல்லை. கொசுப் படகுகள் இன்னும் கட்டுமானத்தில் இருக்கின்றன, எனவே தடை உண்டு. ஒரே கல்லில் தன் ஜூன் மாத 'கூடாது'வையும் காப்பாற்றிக்கொண்டார், ஆகஸ்ட் மாத 'கூடும்'மையும் கொடுத்துவிட்டார். 'நோக்கத்தோடு' என்பது 'அனுப்புவது' என்பதோடுதான் சேரும், இது இலக்கணத்தை முறுக்குவது என்று சட்டப் பேராசிரியர்கள் எழுதினார்கள். நான் வக்கீல் இல்லை. அந்த வாக்கியத்தை நாலைந்து தடவை படித்துப் பார்த்தேன். எனக்கும் பேராசிரியர்கள் பக்கம்தான் சரி என்று படுகிறது.

செனட்டின் ஒப்புதல்? தேவையில்லை, இது ஒப்பந்தம்தானே தவிர செனட்டுக்குப் போகவேண்டிய உடன்படிக்கை இல்லை, எதிர்காலத்துக்கான வாக்குறுதி எதுவும் இதில் கிடையாது என்றார் ஜாக்சன். அதிபரே முப்படைகளின் தலைவர், வெளியுறவில் நாட்டின் குரல் அவர்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். பிரின்ஸ்டனின் எட்வர்ட் கார்வின், அந்தக் காலத்தின் பெரிய அரசியலமைப்பு அறிஞர், கொதித்துப்போனார். வெளியுறவில் கட்டில்லாத எதேச்சாதிகாரத்துக்கு இது அங்கீகாரம் என்பது அவர் கருத்து. ரூஸ்வெல்ட்டோ செப்டம்பர் 3-ம் தேதி ரயிலில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, முடிந்த விஷயமாக அறிவித்தார். 1803-ல் ஜெஃபர்சன் லூசியானாவை வாங்கியதற்குப் பிறகு இதுதான் பெரிய காரியம் என்றார். தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. எதிர்த்துப் போட்டியிட்ட வெண்டெல் வில்கீ பிரிட்டனுக்கு உதவ வேண்டும் என்ற கட்சிதான், ஆனாலும் காங்கிரஸைக் கேட்காமல் செய்ததைக் கண்டித்தார்.

தப்பா சரியா? 1940 ஆகஸ்டில் நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். லண்டன் மேல் குண்டு விழப்போகிறது. காங்கிரஸுக்குப் போனால் வாரக்கணக்கில் இழுக்கும், தோற்கவும் தோற்கலாம். வந்த கப்பல்கள் பெரும்பாலும் ரிப்பேர் செய்யாமல் ஓடவில்லை என்பது வேறு விஷயம். அதில் ஒன்றுக்கு கேம்பெல்டவுன் என்று பெயர் மாற்றி, 1942 மார்ச்சில் வெடிமருந்தை நிரப்பி, பிரான்சின் செயின்ட் நசேர் துறைமுகத்தின் பெரிய உலர்துறைக் கதவில் கொண்டுபோய் மோதவிட்டார்கள். நாஜிகளின் பெரிய போர்க்கப்பல்களுக்கு அட்லாண்டிக் கரையில் இருந்த ஒரே பழுதுபார்க்கும் இடம் போர் முடியும்வரை பயன்படாமல் போயிற்று. ஆக, கொடுத்தது வீணில்லை. நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். போட்டுவிட்டுத் தூக்கம் வந்திருக்காது.

ஆனால் இதே கால வெள்ளத்தில் இன்னொரு விஷயமும் அடித்துக்கொண்டு வந்தது. டெலிபோன் ஒட்டுக்கேட்பு. 1934-ம் வருஷச் சட்டம் அதைத் தடை செய்திருந்தது. ஒட்டுக்கேட்டுக் கிடைத்த தகவலை வழக்கில் பயன்படுத்தக்கூடாது என்று 1939 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டாவது முறையாகக் கறாராகச் சொல்லிவிட்டது. 1940 மார்ச்சில், பதவிக்கு வந்த மூன்றாம் மாதம், ஜாக்சன் இனி எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்கக்கூடாது என்று நிறுத்தினார். சட்டம் தெளிவாக இருக்கிறது, அதிகாரியும் கீழ்ப்படிகிறார். இப்படித்தானே இருக்க வேண்டும்? மே 21-ல் ரூஸ்வெல்ட்டிடமிருந்து ரகசியக் குறிப்பு வந்தது. தீர்ப்பு சாதாரண வழக்குகளுக்குச் சரி, நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பெரிய விஷயங்களை நீதிமன்றம் மனதில் வைத்திருக்காது. நாசவேலை, உளவு சந்தேகம் உள்ளவர்களை நீங்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டுக்கேட்க அனுமதிக்கலாம், கூடிய மட்டும் குறைவாக, கூடிய மட்டும் வெளிநாட்டவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே யார் யாருக்குச் சட்டக் கருத்துச் சொன்னார்கள் என்று கவனியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பொருள் என்ன என்பதை அதிபர் சொல்கிறார், அட்டர்னி ஜெனரல் கேட்டுக்கொள்கிறார். கேட்டுக்கொண்டது மட்டுமில்லை, அடுத்த வருஷம் அதற்கு ஒரு சட்ட முட்டும் கொடுத்தார். சட்டம் 'ஒட்டுக்கேட்டு வெளிப்படுத்துவதை'த்தான் தடுக்கிறது, கேட்டு அரசாங்கத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் குற்றமில்லை என்ற வாசிப்பு. கேட்பதற்கே வேடிக்கையான இந்த வாதத்தில்தான் அமெரிக்க அரசு பல வருஷம் வண்டி ஓட்டியது. 1963-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் டெலிபோனை ஒட்டுக்கேட்க எஃப்.பி.ஐ. கேட்டபோது, கையெழுத்துப் போட்டவர் அன்றைய அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. 'கூடிய மட்டும் வெளிநாட்டவர்' என்ற வார்த்தை அதற்குள் எங்கே போனதோ!

மூன்றாவது, இங்கிள்வுட். 1941 ஜூனில் கலிஃபோர்னியாவில் இங்கிள்வுட் ஊரில் இருந்த விமானத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ரூஸ்வெல்ட் ராணுவத்தை அனுப்பித் தொழிற்சாலையைக் கைப்பற்றினார். எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டால், பாதுகாப்பு உற்பத்தியை நிற்காமல் நடத்துவது அதிபர் பதவியிலேயே அடங்கிய கடமை என்று ஜாக்சன் பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்தார். அடுத்த மாதம் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆகிவிட்டார்.

பதினோரு வருஷம் கழித்து அந்த அறிக்கை அவரைத் தேடி வந்தது. 1952 ஏப்ரல். கொரியப் போர் நடக்கிறது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கிறார்கள். ட்ரூமன் ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று உத்தரவு போடுகிறார். ஆலை முதலாளிகள் வழக்குப் போட, விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறது. ஒன்பது நீதிபதிகளும் ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். அரசு வக்கீல்களின் துருப்புச்சீட்டு எது தெரியுமா? 1941-ல் இதே மாதிரி ஒரு தொழிற்சாலையைக் கைப்பற்றியபோது அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜாக்சன் சரி என்று சொன்னாரே! அதே ஜாக்சன் எதிரே கறுப்பு அங்கியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 2-ல் தீர்ப்பு. ஆறுக்கு மூன்று. ட்ரூமன் தோற்றார். தோற்கடித்த ஆறு பேரில் ஜாக்சன் ஒருவர். டாம் கிளார்க் இன்னொருவர். கிளார்க் ட்ரூமனுக்கே அட்டர்னி ஜெனரலாக இருந்தவர், 1949-ல் அதிபருக்கு அவசர காலத்தில் உள்ளார்ந்த அதிகாரம் மிகப் பெரியது என்று எழுதிக் கொடுத்தவர். ட்ரூமனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான் இன்றுவரை அமெரிக்காவில் அதிபரின் அதிகாரத்தை அளக்கும் அளவுகோல். காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தோடு அதிபர் செயல்பட்டால் அவர் பலம் உச்சத்தில். காங்கிரஸ் வாய்மூடி இருந்தால் அந்தி வெளிச்சம் மாதிரி ஓர் இடம், யாருக்கு அதிகாரம் என்று தெளிவில்லை. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போனால் பலம் அடிமட்டத்தில். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்த மூன்றை. நான் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்கு முன்னால் வரும் முதல் வரியை. எல்லை வரையறுக்கப்படாத அதிபர் அதிகாரத்தில் நடைமுறை நன்மையும் உண்டு, பெரிய ஆபத்தும் உண்டு என்பது, பதற்றமான காலத்தில் அதிபருக்குச் சட்ட ஆலோசகராக இருந்த எவருக்கும் தெரியும் என்று தொடங்குகிறார். சொந்த அனுபவத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறார்.

இங்கிள்வுட் அறிக்கையை என்ன செய்தார்? அந்த நிகழ்ச்சி வேறு, இது வேறு என்று சில வேறுபாடுகளைக் காட்டினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒரே மாதிரியாக இருந்தாலும்கூட, அன்று கட்சிக்காரருக்காகப் பேசியதற்கு இன்று நீதிபதியாகக் கட்டுப்பட மாட்டேன் என்றார். வழக்கில் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பின் வக்கீல் தனக்குச் சாதகமாகப் பத்திரிகைக்குக் கொடுத்த அறிக்கையை, அந்த வக்கீல் தானே ஆனாலும், அரசியலமைப்புக் கேள்விக்கு ஆதாரமாக ஏற்க முடியாது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

1950-ல் சிரிப்பாகச் சொன்னதை 1952-ல் சீரியஸாகச் சொல்லிவிட்டார் என்று படிக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலமாகத் தெரிகிறது. டென்மார்க்காரர் விஷயத்தில் அவர் சொன்னது நான் தப்பு செய்தேன் என்பது. இங்கே சொல்வது, அன்று நான் ஒரு தரப்பின் வக்கீலாக இருந்தேன் என்பது. அட்டர்னி ஜெனரலின் கருத்துரையை நாடு முழுவதும் சட்டத்தின் குரலாக எடுத்துக்கொண்டது. எழுதியவரே அது வாதம்தான் என்கிறார். கப்பல் கருத்துரையை இந்த 1952 அளவுகோலில் வைத்துப் பார்த்தால், அது ஏன் அவ்வளவு சிரமப்பட்டு 1917 சட்டத்தை வளைத்தது என்பதும் புரிகிறது. வளைத்துப் படித்தால் அதிபர் உச்சத்தில், காங்கிரஸ் அனுமதித்தபடி நடக்கிறார். நேராகப் படித்தால் அடிமட்டத்தில். ஒரு சொற்றொடர் எதோடு சேருகிறது என்பதில் இவ்வளவும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. தளங்கள் கட்டக் காங்கிரஸே பின்னால் பணம் ஒதுக்கியது.

கடைசியாக ஒன்று. பிரிட்டனுக்குத் தாராளமாக ஆயுதம் கொடுக்க வழிசெய்த சட்டத்தில் 1941 மார்ச்சில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அதில் ஒரு பிரிவு, அதிபரின் கையெழுத்து இல்லாமலே இரண்டு அவைகளும் தீர்மானம் போட்டு அவர் அதிகாரத்தைத் திரும்பப் பெறலாம் என்றது. இது அரசியலமைப்புக்கு விரோதம் என்பது ரூஸ்வெல்ட்டின் உறுதியான எண்ணம். ஆனால் சட்டம் அவசரம், எதிர்த்தால் ஓட்டுப் போய்விடும். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏப்ரல் 7-ம் தேதி, அந்தப் பிரிவு ஏன் செல்லாது என்று ஒரு சட்டக் கருத்துரை எழுதினார். யாருக்கு? அட்டர்னி ஜெனரல் ஜாக்சனுக்கு. கருத்துச் சொல்ல வேண்டியவருக்கு, கருத்துக் கேட்க வேண்டியவர் எழுதிக் கொடுத்த கருத்துரை! பிறகொரு நாள் வெளியாகட்டும் என்று கொடுத்து வைத்தார். ஜாக்சன் பன்னிரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருந்து, 1953-ல் ஹார்வர்ட் சட்ட இதழில் வெளியிட்டார். ரூஸ்வெல்ட் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த மாதிரிப் பிரிவுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1983-ல்.

1954 அக்டோபர் 9-ல் ஜாக்சன் மாரடைப்பில் இறந்தார். ரூஸ்வெல்ட்டைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் பாதியில் நின்றது. கையெழுத்துப் பிரதி பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்து, 2003-ல் அச்சில் வந்தது. மேலே சொன்ன அந்த டெலிபோன் கதை அதிலிருந்துதான்.